தொழிற்பகுப்பாய்வு மனிதவள முகாமைத்துவத்தின் அத்திவாரமா? – ஒரு திறனாய்வு

ஒரு தொழிலுக்கு ஆளைத் தெரிவு செய்யுமுன் அத்தொழில் யாதென அறிதல் வேண்டும். இஃது எவரும் மறுக்கவியலாத உண்மை. ஆயினும் எளிதிற் புலப்படும் உண்மைகளே பெரும்பாலும் ஆராயப்படாது விடப்படுகின்றன. மனிதவள முகாமைத்துவம் என்று இக்காலத்தில் வழங்கும் துறையிற் புகும் மாணவன் முதற்கண் கற்கும் பாடங்களுள் ஒன்று தொழிற்பகுப்பாய்வு. ஏனைய பகுதிகளுக்கெல்லாம் அதுவே அத்திவாரம் என்று பாடநூல்கள் கூறும். வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் யானும் அவ்வாறே மனனஞ்செய்து எழுதினேன். அக்கூற்று எவ்வளவிற்கு உண்மை, எவ்விடத்தில் அது பிழைபடுகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லின் பொருளைத் தெளிதல் நன்று. ஒரு தொழிலைச் செய்பவன் என்ன செய்கின்றான், எவ்வாறு செய்கின்றான், ஏன் செய்கின்றான், எக்கருவிகளைக் கையாள்கின்றான், எச்சூழலில் யாருக்குப் பொறுப்பாக நின்று செய்கின்றான், அதனைச் செய்வதற்கு எத்தகைய அறிவும் திறனும் உடலாற்றலும் வேண்டும் என்பவற்றை முறையாகத் திரட்டி வகுத்துரைப்பதே தொழிற்பகுப்பாய்வு. இதிலிருந்து இரண்டு ஏடுகள் பிறக்கின்றன. தொழிலின் கடமைகளையும் பொறுப்புகளையும் கூறுவது தொழில் விபரம். அத்தொழிலைச் செய்பவனிடம் இருக்கவேண்டிய தகுதிகளைக் கூறுவது தகைமை விபரம். முன்னையது வேலையைப் பற்றியது. பின்னையது ஆளைப் பற்றியது. நேரிற் பார்த்தல், வினவி அறிதல், வினாக்கொத்து நிரப்புவித்தல், தொழிலாளி தானே நாட்குறிப்பு எழுதுதல் ஆகியன தகவல் திரட்டும் வழிகள்.

இவ்விரண்டு ஏடுகளையும் நம்பியே பிற கருமங்கள் யாவும் நடைபெறுகின்றன. வெற்றிடத்துக்கு விளம்பரஞ் செய்வோர் தகைமை விபரத்தைப் பார்த்தே எழுதுவர். நேர்முகப் பரீட்சையில் என்ன வினவலாம் என்பதும், புதியவனுக்கு எதனைப் பயிற்றுதல் வேண்டும் என்பதும், ஆண்டிறுதியில் அவன் வேலையை எவ்வாறு மதிப்பிடுவது என்பதும், எத்தொழிலுக்கு எவ்வளவு வேதனம் என்பதும் இவற்றின்மேலேயே எழுவன. ஆதலின் அத்திவாரம் என்ற உவமை பொருத்தமற்றதன்று. ஆனால் அவ்வுவமையைச் சொன்னோர் அதன் மற்றொரு பாதியைச் சொல்லாது விட்டனர். அத்திவாரம் கோணினால் அதன்மேல் எழும் சுவர் ஒவ்வொன்றும் கோணும். கோணல் கண்ணுக்குப் புலப்படுவதோ கூரை வேய்ந்த பின்னர்.

நம்மவருட் சிலர், இவையெல்லாம் திருக்குறளில் முன்னரே உள்ளன என்று கூறி அமைவர். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரங்களை அவர் எடுத்துக்காட்டுவர். அவ்வதிகாரங்களின் நுட்பம் மறுக்கற்பாலதன்று. ஆளின் குணத்தையும் குற்றத்தையும் நிறுத்து நோக்கி, அவன் இயல்புக்கேற்ற பணியை அவனிடம் ஒப்படைக்குமாறு அவை அரசனுக்கு அறிவுறுத்துகின்றன. ஆயின், செய்பவனிலிருந்து செயலைப் பிரித்தெடுத்து, அதனைச் சிறு கூறுகளாக உடைத்து, ஒவ்வொரு கூற்றையும் அளந்து எழுதும் முறை ஆங்கில்லை. அது தொழிற்சாலை பெற்ற பிள்ளை. முன்னோர் பெருமையை உரைக்கும் ஆசையால் இல்லாத பொருளை அந்நூலின்மேல் ஏற்றுதல் நூலுக்கும் பெருமையன்று, நமக்கும் பயனன்று. வேறுபாட்டை உணர்ந்தாலே அந்நூல் உண்மையில் எதனைக் கற்பிக்கின்றது என்பது விளங்கும். அதனை முடிவிற் காண்போம்.

செயலை உடைத்து அளக்கும் முறைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் ஐக்கிய அமெரிக்காவின் பொறியியலாளரான பிறெடெரிக் வின்ஸ்லோ ரெயிலர் (1856 – 1915). அவர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'விஞ்ஞான முகாமைத்துவத்தின் தத்துவங்கள்' என்னும் நூலில் வரும் ஒரு வரலாறு உலகப் புகழ் பெற்றது. பெத்லகேம் உருக்குத் தொழிற்சாலையில் 92 இறாத்தல் எடையுள்ள வார்ப்பிரும்புப் பாளங்களைச் சுமந்து புகையிரதப் பெட்டிகளில் ஏற்றுவது வேலை. ஒருவன் நாளொன்றுக்குச் சராசரி 12½ தொன் ஏற்றினான். ரெயிலர் அவ்வேலையை ஆராய்ந்து, இத்துணைப் பாரத்தைச் சுமப்பவன் நாளில் 43 வீதமான நேரமே சுமையோடிருத்தல் கூடும், எஞ்சிய 57 வீதமும் சுமையின்றி இருத்தல் வேண்டும் என்று கணித்தார். பின்னர் சிமிற் என்று தாம் பெயரிட்ட ஒரு தொழிலாளியைத் தெரிந்தெடுத்து, சொன்னபோது தூக்கவும் சொன்னபோது இருக்கவும் செய்து, நாளொன்றுக்கு 47½ தொன் ஏற்றுவித்ததாக எழுதினார். அவன் கூலி 1 டொலர் 15 சதத்திலிருந்து 1 டொலர் 85 சதமாயிற்று. வேலை ஏறத்தாழ நான்கு மடங்காக, கூலி அறுபது வீதமளவே உயர்ந்தது.

இந்நூலின் நன்மையை முதலிற் கூறுதல் முறை. ஓய்வு சோம்பலன்று, வேலையின் ஒரு கூறே என்பதனை ரெயிலர் எண்ணாற் காட்டினார். மண்வெட்டியொன்றில் ஏறத்தாழ 21 இறாத்தல் பாரம் இருக்கும்போதே ஒருவன் நாள் முழுவதும் மிகுதியாக வாரவியலும் என்று கண்டு, பொருளுக்குப் பொருள் வேறு அளவான மண்வெட்டிகளை வழங்கச் செய்தார். கருவி தொழிலுக்குப் பொருந்தாதபோது தொழிலாளியைக் குறை கூறலாகாது என்பது இதன் உட்பொருள். இவை நிலைத்த பேறுகள்.

ஆயினும் நூலின் குறை அதன் வெற்றிக் கதையிலேயே கிடக்கின்றது. இத்தொழிலுக்கு உகந்தவன் எருதினை ஒத்த மந்தபுத்தியுடையவனாக இருத்தல் வேண்டும் என்று ரெயிலர் எழுதுகின்றார். அதே நூலில், அதே மனிதன் சிறு நிலமொன்று வாங்கி, வேலைக்கு முன்னும் வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னும் தனக்கென வீடு கட்டிவந்தான் என்றும் எழுதுகின்றார். நாட்கூலியில் மிச்சம் பிடித்து நிலம் வாங்கி, தன் கையால் வீடெழுப்புபவன் மந்தபுத்தியினனா? தம் ஏட்டிலேயே நின்ற இம்முரண்பாட்டை ரெயிலர் கண்டிலர். தசையை அளந்தவர் மனிதனை வினவவில்லை. அவனது உண்மைப் பெயர் ஹென்றி நோல் என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது. ரெயிலர் கூறிய கதை பலவிடங்களில் மிகைப்படுத்தப்பட்டது என்பதனையும் 1974 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ரெயிலரது முறை புகுத்தப்பட்ட வாட்டர்ரவுன் படைக்கல ஆலையில் 1911 ஓகத்தில் வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். நிறுத்தற் கடிகாரங்கொண்டு தொழிலாளரை அளப்பதற்கு அரசாங்கப் பணத்தைச் செலவிடலாகாதென அமெரிக்கக் காங்கிரசு 1915 இல் விதித்தது.

இதனால் தொழிற்பகுப்பாய்வு என்பதே தொழிலாளிக்குப் பகை என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். அது செய்யப்படாமையால் விளைந்த தீங்குக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வட கரோலினா மாநிலத்தில் டியூக் மின்சக்திக் கம்பனியின் டான் றிவர் அனல்மின் நிலையத்தில் 95 ஊழியருள் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்கள் கூலிவேலைப் பகுதியில் மட்டுமே அமர்த்தப்பட்டிருந்தனர். அப்பகுதியில் அதிகக் கூலி பெற்றவனுக்குக் கிடைத்ததும் ஏனைய பகுதிகளில் ஆகக் குறைந்த கூலி பெற்றவனுக்குக் கிடைத்ததிலும் குறைவு. 1964 ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம் இனவேறுபாட்டை விலக்கியது. தொழில் பற்றிய அதன் பகுதி 1965 யூலை 2 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் அக்கம்பனி ஒரு புதிய தகைமை விபரத்தை வகுத்தது. கூலிவேலை தவிர்ந்த பகுதிகளிற் புதிதாகச் சேர்வோர் உயர்பாடசாலைச் சான்றிதழ் பெற்றிருத்தலோடு இரண்டு எழுத்துப் பரீட்சைகளிலும் தேறுதல் வேண்டும் என்பதே அது.

ஏட்டில் இனம்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் 1960 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அம்மாநிலத்தில் வெள்ளை ஆடவருள் 34 வீதத்தினர் உயர்பாடசாலையை முடித்திருக்க, கறுப்பு ஆடவருள் 12 வீதத்தினரே முடித்திருந்தனர். சான்றிதழ் எதற்கு? நிலக்கரியைக் கையாளும் வேலைக்கு அது எவ்வகையில் உதவும்? முன்னர்ச் சேர்ந்த வெள்ளையினத்தார் பலர் அச்சான்றிதழ் இன்றியே அவ்வேலைகளைச் செவ்வனே செய்துகொண்டிருந்தனரன்றோ? இவ்வழக்கில் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1971 மார்ச்சு 8 இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தொழிலோடு தொடர்புடையதெனக் காட்டவியலாத தகைமை ஒரு சாராரை விலக்குமாயின், தீய நோக்கம் இல்லாவிடினும் அது சட்டத்துக்கு மாறானதே என்பது அத்தீர்ப்பின் சாரம். தகைமையை விதிக்க விரும்புவோன் முதலில் தொழிலை ஆராய்க என்று நீதிமன்றமே கூறியவாறாயிற்று. வலியோன் தன் மனம்போனபடி வாயிலை அடைக்காவண்ணம் எளியோனைக் காக்கும் கருவியாகத் தொழிற்பகுப்பாய்வு ஈண்டு நின்றது. அத்திவாரம் என்ற பெயர் அதற்கு முழுதும் பொருந்துவது இத்தகைய இடத்திலேயாம்.

எனின், ஆராய்ந்துவிட்டால் நீதி தானே வந்துவிடுமா? வாராது என்பதற்கு இங்கிலாந்தின் டகனம் நகரிலுள்ள போட் மோட்டர்த் தொழிற்சாலை சான்று. அங்கே 1967 இல் தொழில்கள் யாவும் முறைப்படி மதிப்பிடப்பட்டுப் புதிய படிநிலைகளாக வகுக்கப்பட்டன. மோட்டார் வண்டி ஆசனங்களின் உறைகளைத் தைக்கும் பெண்களின் வேலை, திறன் மிகுந்தோருக்குரிய 'சி' என்னும் படிநிலையில் வையாது, திறன் குறைந்தோருக்குரிய 'பி' என்னும் படிநிலையில் வைக்கப்பட்டது. அப்படிநிலைக்குரிய கூலியிலும், பெண்கள் என்ற காரணத்தால், 85 வீதமே அவர்களுக்கு வழங்கப்பட்டது. 1968 யூன் 7 இல் 187 பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உறையின்றி ஆசனமில்லை, ஆசனமின்றி வண்டியில்லை. மூன்று கிழமைகளில் அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டார். கூலி, ஆடவர் பெறுவதில் 92 வீதமாக உயர்த்தப்பட்டது. 1970 ஆம் ஆண்டின் சமசம்பளச் சட்டத்துக்கு இப்போராட்டம் வழிகோலியது.

இவ்வரலாற்றைப் பெண்களின் சமசம்பள வெற்றியாகவே பலரும் கூறுவர். அது பாதி உண்மை. அப்பெண்கள் முதலிற் கேட்டது தங்கள் தொழில் திறனுடைய தொழில் என்னும் ஏற்பையே. வேலைக்குச் சேர்க்குமுன் கம்பனி அவர்களது தையற் திறனைச் சோதித்தே சேர்த்தது. ஆளை எடுக்கும்போது திறன் வேண்டும். கூலி கொடுக்கும்போது அது திறனன்று! ஒரே நிருவாகத்தின் தகைமை விபரமும் தொழில் மதிப்பீடும் ஒன்றையொன்று மறுத்து நின்றன. மதிப்பிட்டோர் நேர்மையற்றவர் என்று கருதவேண்டியதில்லை. தையல் பெண்களுக்கு இயல்பாகவே கைவருவது என்னும் பழைய எண்ணம் அவர் கண்ணை மறைத்தது. வீட்டிற் கற்ற திறன், கற்ற திறனாகவே அவருக்குத் தோன்றவில்லை. 1984 இல் மீண்டும் ஒரு வேலைநிறுத்தஞ் செய்த பின்னரே அவ்வேலை 'சி' படிநிலைக்கு உயர்ந்தது. ஓர் ஏட்டின் பிழையைத் திருத்தப் பதினாறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. இடைக்காலத்தில் ஓய்வுபெற்றுச் சென்றோருக்கு அத்திருத்தத்தால் வந்த பயன் யாது?

ஆசிரியர்களாகிய நாம் இதனைப் பிறர் கதையாக எண்ணலாகாது. ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்றிணைக்களம் 1939 ஆம் ஆண்டு முதல் 'தொழிற்பெயர் அகராதி' என்னும் பெருநூலை வெளியிட்டுவந்தது. அதன் பிற்காலப் பதிப்புகளில் ஒவ்வொரு தொழிலும் தகவல், மனிதர், பொருள் என்னும் மூன்றோடும் எவ்வளவு சிக்கலான தொடர்புடையது என்பதை மூன்று இலக்கங்கள் காட்டும். இலக்கம் சிறிதானால் சிக்கல் பெரிது. 1965 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் பாலர் பாடசாலை ஆசிரியைக்குக் கொடுக்கப்பட்ட இலக்கம் 878. தகவலோடு குறிப்பிடத்தக்க தொடர்பில்லை, மனிதரோடு ஏவல் செய்யும் தொடர்பு, பொருளோடு குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்பதே இதன் பொருள். எழுத்தறியாக் குழந்தையின் முகத்தைப் பார்த்து அதன் மனத்தை அறிபவளுக்குத் தகவலோடு தொடர்பில்லையாம்! பெண்கள் செய்யும் தொழில்கள் இவ்வாறு தாழ்த்தப்பட்டமைக்கு எழுபதுகளிற் கண்டனம் எழுந்தது. 1977 ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் அத்தொழிலின் இலக்கம் 227 ஆயிற்று. பகுத்தாராய்தலும் கற்பித்தலும் இப்போது அதன்கண் காணப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளிற் குழந்தைகள் மாறவில்லை, ஆசிரியையும் மாறவில்லை. நோக்கியவர் கண்ணே மாறியது.

இனி, எவ்வளவு நேர்மையாக எழுதினும் தொழில் விபரம் தொழிலை முற்றாக அடக்குமா என்பது மற்றொரு வினா. இதற்கு விடை காண நூல்களைத் தேடவேண்டியதில்லை. 'சட்டப்படி வேலை' என்னும் போராட்டத்தை நம் நாட்டில் அறியாதார் இல்லை. ஏட்டிலுள்ள விதிகளை எழுத்துப் பிசகாது பின்பற்றுவதே அப்போராட்டம். விதித்த கடமைகளை விதித்தபடி செய்தால் வேலை செவ்வனே நடைபெறுதல் அன்றோ முறை? மாறாக, கந்தோர்களிற் கோவைகள் குவிகின்றன, புகையிரதங்கள் தாமதிக்கின்றன. ஏட்டில் எழுதப்படாத இணக்கமும் சமயோசிதமும் பிறர் குறையைத் தான் நிரப்பும் மனமுமே நாள்தோறும் தொழிலை நடத்துகின்றன என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. ஒரு பாடசாலையின் நேரசூசியில் ஆசிரியனுக்குரிய பாடவேளைகள் உள. கடைசி வாங்கில் இரண்டு நாளாகப் பேசாதிருக்கும் மாணவனை விசாரிக்கும் வேளை எந்த நேரசூசியிலும் இல்லை. ஆயினும் அதனைச் செய்யாதவனை நல்லாசிரியன் என்று எவரும் கூறார்.

அவ்வாறாயின் ஏடே வேண்டாமென்பது எம் கருத்தன்று. கடமை இன்னதென்று எழுதப்படாத இடத்தில், மறுத்துச் சொல்லத் தெரியாதவன்மேலேயே எல்லாப் பாரமும் விழும் என்பதை யாவரும் அறிவோம். வரம்பற்ற கடமை, கடமையன்று. அது அடிமைத்தனத்துக்கு அயல். எழுதப்பட்ட எல்லை தொழிலாளிக்கும் பாதுகாப்பு, நிருவாகிக்கும் பாதுகாப்பு. டான் றிவர் கற்பிப்பதும் இதுவே. ஆனால் ஏடு செம்மையாவதற்கு மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதன என்று மேற்கூறிய வரலாறுகளிலிருந்து துணியலாம்.

முதலாவது, தொழிலைச் செய்பவனின் சொல் அதன்கண் இடம்பெறல் வேண்டும். பகுப்பாய்வாளன் வெளியே நின்று காண்பது கையின் அசைவை. அசைவுக்கு முன்னே நிகழும் தீர்மானத்தைச் செய்பவனே அறிவான். தொழிலில் நேர்ந்த சிறந்த செயல்களையும் தவறிய செயல்களையும் அவற்றை நேரிற் கண்டவரிடமே கேட்டுத் திரட்டும் முறையொன்றைப் பிளானகன் என்னும் உளவியலாளர் 1954 இல் வெளியிட்டார். மேற்கூறிய அகராதியின் இடத்தில் 1998 இல் வெளியான தொழிற் தகவற்றொகுதியும் தொழில் செய்வோரையே வினவிப் பெரும்பகுதித் தகவலைப் பெறுகின்றது. இவை சரியான திசையில் வைத்த அடிகள்.

இரண்டாவது, ஆய்வின் நோக்கம் முன்னரே வெளிப்படுத்தப்படல் வேண்டும். பயிற்சிக்கென்று திரட்டிய தகவல் ஆட்குறைப்புக்குப் பயன்படுமாயின் அடுத்தமுறை எவனும் உண்மை உரையான். தொழிலாளி அஞ்சி மறைத்ததும், ஆசைப்பட்டுக் கூட்டியதும் கலந்த ஏடு எவருக்கும் உதவாது.

மூன்றாவது, ஏடு குறித்த காலத்துக்கொருமுறை மீள ஆராயப்படல் வேண்டும். கணினி வந்த பின்னரும் தட்டச்சு இயந்திரக் காலத்து விபரங்களைக்கொண்டு எழுதுவினைஞரைத் தெரிவு செய்யுமிடத்து, குறை வந்தவனதா, வரவழைத்தவனதா?

தொடக்கத்தில் திருக்குறளைப் பற்றி ஒன்று கூறி நிறுத்தினோம். தொழிலைத் தனியே பகுக்கும் முறை அதன்கண் இல்லை என்றோம். அஃது அந்நூலின் குறையெனக் கொள்ளற்க. ஆளையும் வினையையும் அது பிரியாது சேர்த்தே நோக்குகின்றது. ஆளை அமர்த்திய பின்னரும் அரசனது கவனம் ஓயலாகாது என்கின்றது. ரெயிலரின் வழிவந்தோர் ஆளையும் வினையையும் பிரித்து, பிரித்ததை மீளச் சேர்க்க மறந்தனர். பிரித்தறிதல் விஞ்ஞானத்தின் வழி. சேர்த்துக் காணுதல் நீதியின் வழி. தொழிலாளி ஒருவனின் பிழைப்பும் மதிப்பும் தங்கியுள்ள இத்துறைக்கு இரண்டும் வேண்டும்.

ஆகவே, தொழிற்பகுப்பாய்வு மனிதவள முகாமைத்துவத்தின் அத்திவாரமே. ஆயின் அந்த அத்திவாரத்தை இடுபவன் பகுப்பாய்வாளன் மட்டுமல்லன், தொழிலைச் செய்பவனும் உடனிருந்து இடவேண்டும் என்பது எமது துணிபு. இன்று இக்கல்லூரியிற் பயிலும் மாணவருட் பலர் நாளை மேசைக்கு அப்பால் அமர்ந்து பிறர் தொழிலை எழுதி மதிப்பிடும் பதவிகளை வகிப்பர். அப்போது படிவத்தை நிரப்பப் பேனையை எடுக்குமுன், அத்தொழிலைச் செய்பவரை அழைத்து, எதிரே இருத்தி, "நீங்கள் செய்வது என்ன?" என்று கேட்பாராக. கேட்டபின், அவர் சொல்லி முடியும்வரை பொறுத்திருப்பாராக.